இரட்டை வேடத்தில் மாப்பிள்ளை

கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் முகத்தைவிடத் தன் முகத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்ட ஒருத்தன் புதுச்சேரியில் உண்டு என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அது நான்தான். அதுவும் கறுப்புக் கண்ணாடி போட்ட முகம். அந்தக் கண்ணாடியும் என்னுடையதில்லை, கம்ப்யூட்டரில் எடுத்து ஒட்டியது. இடது காதில் சரியாக உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். நான் வேலை செய்வது ஃப்ளெக்ஸ் கடையில், டிசைனராக. அடுத்தவர்களுக்குக் கண்ணாடி ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவன் தன் கண்ணாடியை மட்டும் ஏன் கோணலாக ஒட்டினான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இது சின்ன முட்டாள்தனம். பெரியது ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த விஷயம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று நினைக்கிறவன் நான். பரீட்சையிலும் இப்படித்தான். இது வாத்தியாருக்கே தெரியுமே, இதை வேறு எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டு வருவேன். அரியர் விழும். அதே பழக்கத்தால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. நின்றுபோகாததற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் என்னைப் போல ஆட்கள் இல்லை என்பதுதான் காரணம்.

முதலில் பேனரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் நண்பர்கள் சார்பில் ஒரு பேனர் உண்டு. எல்லா ஊரிலும் உண்டுதான். எங்களுடையதில் கூடுதலாக ஒரு விதி. மாப்பிள்ளை மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தை அதில் போட்டு உடைக்க வேண்டும். அந்த விஷயம் உண்மையாக இருக்க வேண்டும். பொய்யை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதில் என்ன இருக்கிறது. ஒருத்தனுக்கு, பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்து பாத்ரூமுக்கு அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டதைப் போட்டோம். இன்னொருத்தன் பொண்ணு பார்க்கப் போனபோது கட்டியிருந்த வாட்ச் அவன் மச்சானுடையது என்று போட்டோம். மச்சான் வந்து பேனருக்குக் கீழேயே நின்று அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். வாசகம் எழுதுவது எப்போதும் நான். நண்பர்கள் என்னைக் கவிஞர் என்று கூப்பிடுவார்கள். வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

இந்தக் கதையின் மாப்பிள்ளை வைத்திக்குப்பம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட். பொண்ணு ரெட்டியார்பாளையம். நான் நெல்லித்தோப்பு. வரைபடத்தைப் பார்த்தால் தெரியும், அவன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறேன். பூகோளமே என்னைத் தூது போகச் சொல்லிவிட்டது. மூன்று பேரும் கல்லூரியில் ஒரே வகுப்பு, விலங்கியல். ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிக்குள் மருந்துத் தண்ணீரில் மீன்கள் மிதக்கும். லத்தீன் பெயர் எழுத வேண்டும். அவன் ஒவ்வொரு ஜாடியாகப் பார்த்து, "இது காரப்பொடி, வறுத்தா நல்லாருக்கும். இது காணாங்கெளுத்தி, கொழம்பு" என்று சொல்லிக்கொண்டே போவான். பக்கத்து மேசையில் இருந்தவள் ஒரு நாள், "இத சாப்ட்டா?" என்று கேட்டாள். "இதச் சாப்ட்டா நீ அந்த ஜாடிக்குள்ள மெதப்ப," என்றான். அவள் சிரித்ததில் கையிலிருந்த ஸ்லைடு விழுந்து உடைந்தது. உடைத்தது நான் என்று மேடமிடம் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

படிப்பு முடிந்து அவள் டிப்ளமோ படித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆனாள். நான் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். விலங்கியலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, வருகிற வாடிக்கையாளர்களைப் பார்த்தால் தெரியும். அவன் அப்பாவோடு கடலுக்குப் போனான். வேறு வழியில்லாமல் போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் வீட்டில் விஷயம் தெரிந்தபோது அவளுடைய அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் மில்லில் தறி ஓட்டினவர். மில் மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார். அவனை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலைக்குப் போப்பா. கடலு வாணாம். போன ஆளு வரல்லன்னா எம்பொண்ணு எங்க போயி தேடுவா?"

"சரிங்க மாமா," என்றான். சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் சேர்ந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கல்யாணம் பேசி முடித்தார்கள்.

அவனுடைய அப்பாவிடம் அவன் சொன்னது வேறு. "கல்யாணம் முடியற வரைக்கும்தாம்பா. அப்புறம் வந்துடறேன்." அவரும் சரி என்றார். ஆக இரண்டு அப்பாக்களுக்கும் நிம்மதி. ஆளுக்கொரு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான். இதை அவன் என்னிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னான். சொல்லும்போது சிரித்தான், நானும் சிரித்தேன். அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

அப்புறம் என்ன, பேனர் தானாக அமைந்துவிட்டது. சினிமா போஸ்டர் போல வடிவமைத்தேன். மேலே கொட்டை எழுத்தில் "எங்கள் நாயகன் இரட்டை வேடத்தில்". இடது பக்கம் நீலச் சட்டையில் அவன், கீழே "மாமனாருக்கு: இனி கடல் பக்கமே போகமாட்டேன்". வலது பக்கம் லுங்கியை மடித்துக் கட்டி வலையோடு அவன், கீழே "அப்பாவுக்கு: கல்யாணம் முடிந்ததும் படகில் ஏறிவிடுவேன்". நடுவில் பட்டு வேட்டியில் அவன். அதன் கீழே, "கிளைமாக்ஸ் ஞாயிறு காலை மண்டபத்தில்". அடியில் நண்பர்கள் வரிசை. அந்த வரிசையில்தான் என் பெரிய முகமும் பறக்கும் கண்ணாடியும்.

புதன்கிழமை காலையில் அவன் வீட்டு மாடிச் சுவரில், தெருவைப் பார்க்கக் கட்டினோம். தெருவில் வைத்தால் அனுமதி வாங்க வேண்டும், சொந்தச் சுவர் என்றால் கேட்பார் இல்லை. அவன் கம்பெனிக்குப் போயிருந்தான். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு ஜோடி கடற்கரைக்குப் போகும் வழியில் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் கலைக்குக் கிடைத்த முதல் மரியாதை. அவனுடைய அப்பா வந்து இடுப்பில் கை வைத்து முழுசாகப் படித்தார்.

"போட்டோல மெலிஞ்சிட்டாம் போல," என்றார்.

"கம்பெனி சாப்பாடுப்பா," என்றேன்.

அவர் இன்னொரு தடவை இடது பக்கத்தைப் படித்தார். "மாமனாருகிட்ட இப்டிதான் சொல்லிக்கினு இருக்கானா?"

"சும்மா, கல்யாணத்துக்காக."

"ம்," என்று சொல்லிவிட்டு வலை பின்னப் போய்விட்டார். அந்த "ம்" சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் செல்ஃபி எடுக்க இன்னொரு குடும்பம் வந்துவிட்டதால் அதை யோசிக்க நேரமில்லை.

எங்களில் ஒருத்தன் பேனரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். மத்தியானம் எனக்கு அவளிடமிருந்து போன்.

"எங்க இருக்க?"

"கடையில. பாத்தியா, எப்டி இருக்குது?"

"வைத்திக்குப்பம் வா."

"லன்ச் முடிச்சிட்டு..."

"கெளம்பு."

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேனருக்கு எதிரில் நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் பாதிச் சிரிப்போடு பக்கத்தில் போய் நின்றேன்.

"இதுல எது நெஜம்?" என்றாள்.

"ரெண்டும்தான். அதான் காமெடி."

"அவங்கப்பாவுக்குச் சொன்னது எனக்குத் தெரியாது."

பாதிச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேனரில் என் முழுச் சிரிப்பு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கழட்டிடவா?" என்றேன்.

"எதுக்கு? நீ ஒண்ணும் பொய் எழுதலியே." அவள் குரல் உயரவே இல்லை. "எல்லாரும் தெரிஞ்சிக்கினு சிரிக்கறீங்க. கட்டிக்கப் போறவ ஸ்டேட்டஸ்ல பாத்துத் தெரிஞ்சிக்கறா."

அவள் கத்தியிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். அமைதியாகப் பேசுகிறவர்களிடம் என் வித்தை எதுவும் பலிப்பதில்லை. கற்கள் கொட்டிய கரையில் போய் உட்கார்ந்தோம். அவன் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. நல்ல ஜோக்தான், இன்னொரு சமயம் சொல்கிறேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக அவன் தெருமுனையில் வந்தான். பேனரின் இடது பக்கம் அப்படியே இறங்கி நடந்து வருவது போல இருந்தது. பேனரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

நான் எழுந்து நழுவப் பார்த்தேன். "நீ உக்காரு," என்றாள். உட்கார்ந்தேன்.

"டேய், உனக்கு எந்த வேல புடிக்கும்னு நான் எப்பவாச்சும் கேட்டனா?" என்று அவனிடம் கேட்டாள்.

"இல்ல."

"நீயா சொன்னியா?"

"இல்ல."

"அப்ப ஞாயித்துக்கெழம நான் யாரக் கட்டிக்கப் போறேன்? இந்தச் சட்டயா, மேல வலயோட நிக்குதே அதுவா?"

அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பதில் அதில் எழுதியிருப்பது போல.

"சொல்லலன்னா ஞாயித்துக்கெழம வாணாம்டா. கார்டு குடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு, எல்லாம் தெரியும். அதுக்காக ஒரு பொய்யக் கட்டிக்க முடியாது. யோசிச்சுச் சொல்லு."

அவன் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் முன்னால்வரை இரண்டு அப்பாக்களையும் சமாளித்தவன், அவள் நேராகக் கேட்டதும் நேராகச் சொல்லிவிட்டான்.

"கடலுக்குத்தான் போவணும்."

"ஏன்?"

அவனுக்குப் பேச வராது. பேசுகிறவன் நான், அதனால்தான் நாங்கள் நண்பர்கள். தட்டுத்தடுமாறிச் சொன்னான். "அங்க பொட்டி வரும், எண்ணி வெக்கணும். வெச்சா இன்னொரு பொட்டி வரும். யாரு வேணா எண்ணலாம். போட்டுல அப்டி இல்ல. தண்ணி நெறம் மாறுனா எனக்குத் தெரியுது. எந்தப் பக்கம் வல போடணும்னு அப்பா என்ன கேக்கறாரு." நிறுத்தினான். "உங்கப்பாகிட்ட சொன்னா பொண்ணு இல்லன்னுடுவாரு. உங்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவ. அதான்."

"பயமாதான் இருக்கும்," என்றாள். "அது எம் பயம். அத நான் பாத்துக்கறேன். நீ ஏன் எனக்குப் பதிலா பயந்து, நடுவுல பொய் சொல்லிக்கினு கெடக்குற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழுதிருந்தாள். உள்ளே இருந்து அழுதது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"நான் உனக்குச் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல," என்றாள். "எனக்கு இது தாங்குமான்னு எனக்கே தெரியல. வாயால தாங்கும்னு சொல்லிட்டு அப்புறம் தெனம் உன் உயிர வாங்கக் கூடாது. நாளைக்கு நீ போட்டுல போ. நான் காலையில வந்து நின்னு பாக்கறேன்."

ஆய்வகத்தில் ரத்த வகை பார்க்கும்போது முதலில் தன் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டு அப்புறம் அடுத்தவர்களைக் குத்துகிற ஆள் என்று அவளைப் பற்றிக் கல்லூரியில் நான் கேலி செய்வேன். அன்றைக்கு அது கேலியாக இல்லை.

மறுநாள் அவன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு போனான். கிழக்கு வெளுத்தபோது நானும் அவளும் கரையில் நின்றோம். நான் ஏன் போனேன் என்றால், அவள் "வா" என்றாள். பேனர் விஷயத்துக்குப் பிறகு அவள் கிணற்றில் குதி என்றாலும் குதித்திருப்பேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கரையில் பெண்கள் மீனுக்காக அலுமினியக் கூடைகளோடு காத்திருந்தார்கள். அவனுடைய அம்மா எங்களைப் பார்த்து, "காபி சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவரும் பேனர் படித்திருப்பார்.

வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டது. மற்றப் படகுகள் வந்து ஏலம் நடந்து, சங்கராவும் நெத்திலியும் கைமாறிக்கொண்டிருந்தன. அவன் படகு மட்டும் வரவில்லை. நான் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். துப்பட்டா முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். போனை எடுத்தாள், சிக்னல் இருக்காது என்று தெரிந்து பைக்குள் போட்டாள். மறுபடி எடுத்தாள்.

"அத்த, தெனமும் இப்டிதானா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டாள்.

"கல்லு கில்லு மாட்டியிருக்கும், வல கிழிஞ்சிருக்கும்," என்றார் அவர். பிறகு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆன புதுசுல நானும் இப்டிதான் நிப்பேன். இப்பவும் நிக்கறேன். கையில கூடய வெச்சிக்கினு இருக்கறதால ஒனக்குத் தெரியல," என்றார்.

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

படகு தெரிந்தது. அலை உடையும் இடத்துக்கு வந்ததும் இன்ஜினைத் தூக்கிவிட்டு அவன் பக்கவாட்டில் குதித்தான். ஒரு பெரிய அலை பின்னாலிருந்து தள்ள, படகின் மூக்கைத் தோளால் திருப்பி நேராக்கி மணலில் ஏற்றினான். அப்பா ஏதோ திட்டினார், அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். உடம்பெல்லாம் தண்ணீர், வாயில் உப்பு, அப்படி ஒரு சிரிப்பு. நான் அவனைப் பத்தாம் வகுப்புக் காலத்திலிருந்து அறிந்தவன். அத்தனை டீ குடித்திருக்கிறோம். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை, யாரையும் சமாளிக்கவில்லை. என்ன செய்ய வேண்டுமோ அதைக் கைகள் செய்துகொண்டிருந்தன.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவனக் கம்பெனிக்கு அனுப்புனது யாரு?" என்றாள்.

"உங்கப்பா."

"நானுந்தான். வேலைக்குச் சேந்தன்னிக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன்."

மணலில் காலைப் புதைத்தபடி அவன் முன்னால் போய் நின்றாள். "தாங்குமா?" என்று அவன் கேட்டான். "கஷ்டந்தான். பழகிக்கறேன். எங்கப்பாகிட்ட நீயே வந்து சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்," என்றாள். அவன் வலை பிரித்துக்கொண்டிருந்த தன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்பா, கம்பெனிய உட்டுடறேன். இது கல்யாணத்துக்காகச் சொல்லல." அவர் நிமிரவே இல்லை. "அந்தப் பக்கத்தப் புடி," என்று வலையின் ஒரு முனையைத் தள்ளினார். புதன்கிழமை "ம்" போட்ட அதே குரல்தான். ஆனால் இந்தத் தடவை நல்லாயிருந்தது.

அவன் குளித்துவிட்டு வந்ததும் மூன்று பேரும் ரெட்டியார்பாளையம் போனோம். அவளுடைய அப்பா நைட் டியூட்டி முடித்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கே போனதும் அவள் வாயில் "டேய்" போய் "இவரு" வந்துவிட்டது. அதை ரசிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

அவன் நின்றுகொண்டே சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன், எங்கப்பாகிட்ட வேற சொன்னேன். ரெண்டு பேரயும் ஏமாத்திட்டேன். எனக்குக் கடல்தான் தொழிலு. நீங்க இல்லன்னு சொன்னா அது உங்க ஞாயம்." அவ்வளவுதான். நான் எழுதிய வாசகங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு நாளு முன்னாடி வந்து சொல்ற," என்றார். அப்புறம் மகளைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற? உனுக்குப் பயமில்லயா?"

"இருக்குப்பா. இன்னிக்குக் காலையில போட்டு வர லேட்டாச்சு, போன எடுக்கறதும் வெக்கறதுமா நின்னேன்."

"அப்புறம்?"

அவள் கீழே உட்கார்ந்தாள். "மில்லு சங்கு நின்னப்புறம் நீங்க எவ்ளோ நாளு அதே நேரத்துக்கு எழுந்து உக்காந்துக்கினு இருந்தீங்க. அம்மா தூங்கறாங்கன்னு லைட்டு கூட போடமாட்டீங்க. நான் பாத்துக்கினுதான் படுத்திருப்பேன். அதுவும் மாசச் சம்பளந்தான். கைக்குத் தெரிஞ்ச வேல போயிட்டா ஒரு மனுசன் வீட்ல எப்டி உக்காந்திருப்பாருன்னு எனக்குத் தெரியும்பா. அப்டி ஒருத்தர எனக்குக் கட்டி வெக்காதீங்க."

அவளுடைய அம்மா அடுக்களை வாசலில் அசையாமல் நின்றார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே விழுப்புரம் ரோட்டில் பஸ்கள் போகிற சத்தம். எனக்கு மூக்கில் ஏதோ அரித்தது, சொறிந்தால் அவமரியாதை என்று அடக்கிக்கொண்டேன். ஒரு அப்பாவிடம் அதை இவ்வளவு தாழ்ந்த குரலில், அவர் மனசு நோகாத மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த விஷயம் கிடைத்திருந்தால் பேனரில் போட்டிருப்பேன்.

கடைசியில் அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பேனர் படம் எனக்கும் வந்துச்சு. கறுப்புக் கண்ணாடியோட நிக்கிறது நீதானா?"

"ஆமாங்க."

"நல்லா இல்ல."

"தெரியுங்க."

அப்புறம் அவனிடம் திரும்பினார். "மெதக்கற சட்ட ஒண்ணு இருக்குதுல்ல? லைப் ஜாக்கெட்டு. அதப் போட்டுக்கினுதான் போவணும். தெனம். யாரு சிரிச்சாலும்."

அவன் முகம் மாறியது. இதை வெளியாட்கள் புரிந்துகொள்வது கஷ்டம். அவன் ஆட்கள் யாரும் அதைப் போடுவதில்லை. அரசாங்கம் கொடுத்த ஜாக்கெட்டுகள் வீட்டில் தலையணையாக இருக்கின்றன. போட்டவனை நீச்சல் தெரியாதவன் என்று பேரன் காலம்வரை கேலி பேசுவார்கள். கல்லூரி முடித்து வந்தவன் என்று ஏற்கெனவே அவன் மீது ஒரு கண் உண்டு.

"போடறேன் மாமா," என்றான்.

"மறுபடி எனக்கு ஒண்ணு அங்க ஒண்ணா?"

"இல்ல மாமா. வந்து பாருங்க."

அவர் நிஜமாகவே சனிக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து பார்த்தார். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு அவன் படகிலிருந்து இறங்கியதும் கரையே சிரித்தது. அவனுடைய அப்பாகூட, "மாட்டுப் பொங்கலுக்கு அலங்காரம் பண்ண மாதிரி கீறான்," என்றார். அவன் காது சிவந்துபோய், ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே கடைசி மீன் வரை கூடையில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்றதைவிட அந்தக் கோலத்தில்தான் அவன் எனக்கு மாப்பிள்ளையாகத் தெரிந்தான். மாமனார் கிளம்பும்போது அவன் அம்மா அவர் சைக்கிளில் ஒரு பை மீன் மாட்டிவிட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. பேனரை நான் அவிழ்க்கப் போனபோது அவனுடைய அப்பா விடவில்லை. நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். இப்போது அதுதான் கரையில் வலை மூட உதவுகிறது. போகிற வருகிற காக்கை எல்லாம் என் முகத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறது.

ஜாக்கெட் இன்னும் தொடர்கிறது. முதல் மாதம் சிரித்தார்கள், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். வேறு யாரும் போட ஆரம்பித்துவிடவில்லை, அப்படியெல்லாம் கதையில்தான் நடக்கும். அவள் வேலையை விடவில்லை. காலை டியூட்டிக்கு முன்னால் சில நாள் கரைக்கு வந்து நிற்பாள், சில நாள் வரமாட்டாள். வராத நாளில் தூங்கியிருப்பாள் என்று நான் நினைத்தேன். வராமல் இருக்கவும் பழகிக்கொள்கிறாளாம், அவன் சொன்னான்.

போன வாரம் மீன் வாங்கும் சாக்கில் போயிருந்தேன். அவள் ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமியார் பக்கத்தில் நின்றிருந்தாள். காற்று கொஞ்சம் அதிகம், கடலில் வெள்ளையாக நுரை. அவன் படகு இன்னும் வரவில்லை. நான் அவள் எதிரில் போய் நின்று, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இன்னும் பயமாதான் இருக்குதா?"

"இருக்கு, தள்ளி நில்லு, கடல மறைக்கற."